தண்ணீர் புகாது என்றால் உப்புக்கு அசராது என்று அர்த்தமில்லை

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு தினமும் காலையில் கடற்கரையில் நடக்கிறேன். அங்கே ஒருவர் மெட்டல் டிடெக்டரை வைத்துக்கொண்டு மணலைத் துழாவுவதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. நண்பரின் பழைய கருவியை இரவல் வாங்கிப் போனேன். காய்ந்த மணலில் அருமையாக வேலை செய்தது, இரண்டு நாணயங்கள்கூடக் கிடைத்தன. ஈர மணலுக்குப் போனதும் நிறுத்தாமல் கத்துகிறது. கருவி பழுதா? புதிதாக வாங்குவதென்றால் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருப்பதை வாங்கினால் போதுமா? கடலுக்குப் பல்ஸ் இண்டக்‌ஷன்தான் சரி என்கிறார் ஒருவர், மல்டி ஃப்ரீக்வென்சி என்கிறார் இன்னொருவர். ஒரே ஒரு கருவி வாங்கத்தான் வீட்டில் அனுமதி. எதை வாங்கட்டும்? எவ்வளவு ஆழம் வரை காட்டும்?

பதில்:

வணக்கம் ஐயா. நண்பரிடம் திருப்பிக் கொடுக்கும்போது கருவி பழுது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கருவிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. ‘கடலில் கத்துகிறது’ என்று சீட்டு ஒட்டி என் மேசைக்கு வந்தவற்றில் நிறைய கருவிகளைத் திறக்காமலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கத்துவதற்குக் காரணம் கருவிக்குள் இல்லை, காயிலுக்கு, அதாவது கம்பின் அடியில் இருக்கும் அந்த வட்டத் தட்டுக்குக் கீழே இருக்கும் உப்புத் தண்ணீரில் இருக்கிறது.

உங்கள் கேள்விகளிலேயே முக்கியமானது வாட்டர்ப்ரூஃப் பற்றியதுதான். பெரும்பாலானவர்கள் முதல் கருவியில் காசைத் தொலைப்பது அங்கேதான். வாட்டர்ப்ரூஃப் என்றால் கருவிக்குள் தண்ணீர் போகாது, அவ்வளவுதான். ஆற்றிலும் ஏரியிலும் இறக்கலாம், சுகமாக வேலை செய்யும். அதே கருவியைக் கடலில் இறக்கினால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது, ஆனால் வெளியே ஒரு நிமிடம் வாய் மூடாது. ரப்பர் வளையமும் ஒட்டுப்பசையும் சம்பந்தப்பட்ட விஷயம் அது. உப்பைக் கண்டு மிரளாமல் இருப்பது அந்தக் கருவி எந்த முறையில் சமிக்ஞை அனுப்பிக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. கருவி வரும் அட்டைப்பெட்டியின் மேல் வாட்டர்ப்ரூஃப் என்பது மட்டும் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும்.

ஏன் கத்துகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் கருவியை நீங்களே தேர்ந்தெடுத்துவிடுவீர்கள். காயில் வழியாக மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலம் மணலுக்குள் போகிறது. அங்கே ஒரு மோதிரம் இருந்தால் அதற்குள் சின்னதாகச் சுழல் மின்னோட்டம் உண்டாகும், அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு குட்டிக் காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும், கருவி கேட்பது அந்த எதிரொலியைத்தான். இதில் கவனிக்க வேண்டியது, எதிரொலி தர உலோகமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, மின்சாரத்தைக் கடத்தினால் போதும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, குடிநீரைவிட நூறு மடங்காவது கூடுதலாக மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஈரமான கடல் மணல் முழுவதும் உங்கள் கருவிக்கு, பரந்து விரித்துப் போட்ட ஒரு மெல்லிய அலுமினியத் தாள் மாதிரித் தெரிகிறது. வீசி முடிக்கும்போது கை தன்னால் கொஞ்சம் மேலே தூக்கும் இல்லையா, அந்தத் தாளுக்கும் காயிலுக்கும் இடையே தூரம் மாறும், உடனே ‘ஏதோ இருக்கிறது’ என்று கத்தும். கத்தல் பெரும்பாலும் வீச்சின் இரு முனைகளிலும் வந்திருக்குமே, யோசித்துப் பாருங்கள்.

உங்கள் நண்பருடையது அநேகமாக சிங்கிள் ஃப்ரீக்வென்சி கருவி, அதாவது ஒரே ஒரு அதிர்வெண்ணில் வேலை செய்வது. ஆரம்பநிலைக் கருவிகளில் பெரும்பாலானவை இப்படித்தான், சுமார் 7 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஓர் அதிர்வெண் இருக்கும். அதிர்வெண் ஏற ஏற உப்பின் எதிரொலியும் கூடும். பொடித் தங்கம் தேட என்று 40, 50 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வரும் கருவிகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் காது புண்ணாகிவிடும். குறைந்த அதிர்வெண் கருவியில் கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணின் சொந்த எதிரொலியைக் கழிக்கும் அமைப்பு) ஈர மணலின் மேலேயே வைத்துச் சரிசெய்து, சென்சிடிவிட்டியையும் (எவ்வளவு மெல்லிய எதிரொலிக்குக் காது கொடுப்பது என்ற அமைப்பு) நன்றாகக் குறைத்தால் ஓரளவு அடங்கும். ‘பீச்’ என்று தனி மோட் உள்ள நோக்டா சிம்ப்ளெக்ஸ் மாதிரி சிங்கிள் கருவிகளும் இருக்கின்றன, ஈர மணலில் சமாளிக்கின்றன. ஆனால் சமாளிக்கிறது என்பதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை, ஆழத்தில் கணிசமான பங்கை விட்டுக்கொடுத்துத்தான் அந்த அமைதி கிடைக்கிறது.

இதோடு கருமணலும் சேர்ந்தால் சிங்கிள் கருவி கையை விரித்துவிடும். சில கரைகளில் அலை வழித்துவிட்டுப் போகிற கருப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள், அதில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது கலந்திருக்கும். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அந்த மணலில் புரட்டினால் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். மேக்னடைட்டின் எதிரொலி ஒரு மாதிரி, உப்பின் எதிரொலி வேறு மாதிரி. ஒரே அதிர்வெண்ணை வைத்திருப்பவனால் ஒன்றைத்தான் கழிக்க முடியும், ஒன்றைக் கழித்தால் மற்றது தலை தூக்கும்.

மல்டி ஃப்ரீக்வென்சி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி, ஒவ்வொன்றிலும் வரும் பதிலை ஒப்பிட்டுப் பார்க்கும். அதிர்வெண் மாறும்போது உப்பின் பதில் ஒருவிதமாகவும் கருமணலின் பதில் இன்னொரு விதமாகவும் மாறுவதால் இரண்டையும் சேர்த்துக் கழித்துவிட முடிகிறது. இது ஒன்றும் நேற்று வந்த வித்தை இல்லை, 1990களின் தொடக்கத்திலேயே ஃபிஷரும் மைன்லேபும் இப்படிப்பட்ட கருவிகளைக் கொண்டுவந்துவிட்டன. அப்போது அவை கனமாகவும் விலை கூடியவையாகவும் இருந்தன. 2018-ல் மைன்லேப் ஈக்வினாக்ஸ் வந்த பிறகுதான் புதிதாக ஆரம்பிப்பவர்கள் கைக்கும் எட்டின.

வாங்கும்போது ஒரு சொல் விளையாட்டில் ஏமாந்துவிடாதீர்கள். சில கருவிகளில் மூன்று நான்கு அதிர்வெண்கள் இருக்கும், ஆனால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதையும் ‘மல்டி’ என்று சொல்லி விற்பார்கள். ஈர உப்பு மணலில் அது சிங்கிள்தான். ‘எல்லா அதிர்வெண்ணும் ஒரே சமயத்தில் போகிறதா’ என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

சரி, பல்ஸ் இண்டக்‌ஷனுக்கு வருவோம். அதைச் சொன்ன நண்பர் தவறாகச் சொல்லவில்லை. இந்தக் கருவி ஒரு பலமான துடிப்பை அனுப்பிவிட்டு, சட்டென்று நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துக் கேட்கிறது. உப்புத் தண்ணீரின் எதிரொலி சில மைக்ரோ விநாடிகளிலேயே செத்துவிடும், உலோகத்தின் எதிரொலி இன்னும் சிறிது நேரம் இழுக்கும். 10, 15 மைக்ரோ விநாடி பொறுத்துவிட்டுக் காதைத் திறந்தால் உப்பு இருக்கிறதே தெரியாது. கருமணலிலும் பெரிதாக அசராது. காரெட் சீ ஹண்டர் மார்க் 2 இந்த வகைதான், 60 மீட்டர் ஆழம் வரை தாங்கும், அதை வைத்துக்கொண்டு முங்குபவர்கள் பல வருடங்களாக இருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன் என்கிறேன் என்றால், அதற்கு இரும்பும் ஒன்று, தங்கமும் ஒன்று. ஓரளவு பிரித்துக் காட்டும் என்று சொல்லிக்கொள்பவை உண்டு, கடற்கரையில் நம்பத் தகுந்ததாக நான் பார்க்கவில்லை. தலைமுடி ஊசி, ஆணி, துருப்பிடித்த கம்பி, தூண்டில் முள், எல்லாவற்றுக்கும் ஒரே உற்சாகத்தோடு கத்தும், எல்லாவற்றையும் நீங்கள் தோண்டியாக வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, அலை ஒவ்வொரு முறையும் குழியை மூட, பத்து நிமிடம் போராடி ஒரு தலைமுடி ஊசியை எடுப்பது முதல் வாரத்தில் வேடிக்கையாக இருக்கும். மூன்றாவது வாரம் கருவி பரணுக்குப் போய்விடும். மக்கள் கூடாத, குப்பையில்லாத கரையாக இருந்தாலோ, மல்டி கருவியே திணறும் அளவுக்குக் கருமணல் இருந்தாலோ பல்ஸ்தான் ராஜா. முதல் கருவியாக, அதுவும் ஒரே கருவியாக, வேண்டாம்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒரே நேரத்தில் வேலை செய்யும் மல்டி ஃப்ரீக்வென்சி. அதில் எது என்பது நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கணுக்கால் நனையும் அளவோடு நிறுத்திக்கொள்வேன் என்றால் மைன்லேப் வான்குவிஷ் வரிசையே போதும். அதில் காயில் மட்டும்தான் ஒரு மீட்டர் வரை தண்ணீர் தாங்கும், கட்டுப்பாட்டுப் பெட்டி முங்கக் கூடாது. அமைப்புகள் குறைவு, போட்டதும் நடக்கலாம், ஆரம்பிப்பவருக்கு அது ஒரு வரம். ஆனால் ஐயா, கணுக்காலோடு நிறுத்துவேன் என்று சொன்ன ஒருவரும் நிறுத்தியதில்லை. ஒரு பெரிய அலை வந்து முழங்காலில் அடித்துப் பெட்டியையும் நனைத்துவிட்டுப் போகும். கைதவறித் தண்ணீரில் போட்டாலும் ஒரே ஒரு தடவை போதும், பெட்டியின் கதை முடிந்தது.

அதனால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் முழுக் கருவியும் முங்கினால் தாங்குகிற ஒன்றை எடுங்கள். ஈக்வினாக்ஸ் 600, 800 இரண்டும் 3 மீட்டர் தாங்கும், பிறகு வந்த 700, 900 இரண்டும் 5 மீட்டர். நோக்டா லெஜண்ட் 3 மீட்டர். நீங்கள் சொன்ன நிலைமைக்கு இந்த வரிசையில் எதை எடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். 600-க்கும் 800-க்கும் இடையே, 700-க்கும் 900-க்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தைப் பற்றி இரவெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், கடற்கரைக்கு இரண்டிலும் கீழே உள்ளதே தாராளம். மிச்சமாகும் காசுக்கு ஒரு நல்ல ஸ்கூப், அதாவது மணலை அள்ளிச் சலிக்கிற ஓட்டை போட்ட அள்ளி, வாங்குங்கள். எக்ஸ்பி டியூஸ் 2 இன்னும் இலகுவானது, 20 மீட்டர் வரை போகும், அருமையான கருவி, ஆனால் அதன் அமைப்புகளுக்குள் புகுந்தால் முதல் மாதம் மணலைவிட மெனுவைத்தான் அதிகம் தோண்டுவீர்கள். எக்ஸ்காலிபர் 2 போன்றவை முங்கித் தேடுபவர்களுக்கானவை, நடைப்பயிற்சிக்கு அந்தக் கனம் தேவையில்லை.

ஹெட்போன் விஷயம் ஒன்று. வயர்லெஸ் சமிக்ஞை தண்ணீருக்குள் சில சென்டிமீட்டருக்கு மேல் தாண்டாது. பெட்டி தண்ணீருக்கு மேலே இருக்கும் வரை கேட்கும், முங்கியதும் அமைதியாகிவிடும், பழுது என்று நினைத்துவிடாதீர்கள். தலையையும் முக்குவதானால் வயர் வைத்த, தண்ணீர் தாங்கும் ஹெட்போன் தனியாக வாங்க வேண்டும். கரையில் நடக்கும்போதும் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். குனிந்து தோண்டிக்கொண்டிருப்பவருக்குப் பின்னால் வருகிற அலை தெரிவதில்லை.

ஆழம் கேட்டிருந்தீர்கள். ஒரு சாதாரண மோதிரம் ஈர உப்பு மணலில் ஒரு சாண் ஆழத்தில் தெளிவாகக் கேட்டால் நல்ல கருவி, நல்ல கை. நிலைமை ஒத்துழைத்தால் ஒன்றரைச் சாண். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று விளம்பரத்தில் போடுவது பெரிய இரும்புப் பீப்பாய்க்கு வேண்டுமானால் பொருந்தும். தங்கத்தை மட்டும் காட்டும், தூரத்திலிருந்தே திசை காட்டும் என்று இரண்டு ஆன்டெனாக் கம்பியோடு விற்பவை இருக்கின்றனவே, அவற்றை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தேன்.

இன்னொரு உண்மையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், வாங்கிய பிறகு என்னைத் திட்டக் கூடாது. மெல்லிய தங்கச் சங்கிலியை எந்தக் கருவியும் உப்பு மணலில் சரியாகக் காட்டாது. சங்கிலியைக் கருவி ஒரு முழுப் பொருளாகப் பார்ப்பதில்லை, தனித்தனிக் கண்ணிகளாகத்தான் பார்க்கிறது. அத்தனை சிறிய தங்கத்தின் எதிரொலி உப்பின் எதிரொலிக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது, உப்பைக் கழிக்கும்போது இதுவும் சேர்ந்து போய்விடுகிறது. பல்ஸிலும் அதே கதைதான், உப்பு சாகும் நேரத்தில் மெல்லிய சங்கிலியின் எதிரொலியும் செத்துவிடும். பதக்கமோ பெரிய கொக்கியோ இருந்தால் அதை வைத்துப் பிடிக்கலாம்.

திரையில் எண் வரும், அதை வைத்து இது நாணயம், இது குப்பை என்று பிரிக்கலாம் என்பார்கள். இரும்பை ஒதுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தங்க மோதிரங்கள் விழுகிற எண்களும் குளிர்பானக் கேனின் இழுப்பு வளையம், அலுமினியத் தாள் துண்டுகள் விழுகிற எண்களும் ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன. வளையத்தை ஒதுக்கினால் மோதிரத்தையும் ஒதுக்கியதாக ஆகும். சலித்துக்கொள்ளாமல் தோண்ட வேண்டியதுதான்.

ஸ்கூப் என்றேன் இல்லையா, காய்ந்த மணலுக்குப் பிளாஸ்டிக் போதும், ஈர மணலுக்கும் தண்ணீருக்கும் துருப்பிடிக்காத எஃகில் நீளக் கைப்பிடி வைத்ததுதான். பிளாஸ்டிக்கை ஈர மணலில் மிதித்து இறக்கினால் முதல் நாளே முறிந்துவிடும். ஓட்டைகள் மணல் சட்டென்று வடிகிற அளவுக்கு இருக்க வேண்டும், மோதிரம் நழுவிப் போகிற அளவுக்கு இருக்கக் கூடாது. குழிக்குள் விட்டுப் பார்க்கிற கையடக்கக் கருவியான பின்பாயிண்டர் ஈர மணலுக்கு அவசரம் இல்லை, ஸ்கூப்பில் அள்ளியதைக் கொட்டி அதன்மேல் காயிலை ஆட்டினாலே தெரிந்துவிடும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பீச் மோடைப் போடுங்கள், கிரவுண்ட் பேலன்ஸைக் கருவியின் கையேட்டில் சொன்னபடி நீங்கள் தேடப்போகும் மணலின் மேலேயே செய்யுங்கள், சென்சிடிவிட்டியை முழுதாக ஏற்றாதீர்கள். புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் அதைக் கடைசி வரை ஏற்றிவிட்டுத்தான் கத்துகிறது என்று எனக்கு எழுதுகிறார்கள். அமைதியாக இருக்கிற கருவிதான் ஆழத்தில் உள்ள மெல்லிய ஒலியைக் காட்டும். வீச்சு நிதானமாக, காயில் மணலுக்கு இணையாக இருக்கட்டும். அலை வந்து போகிற விளிம்பில் தண்ணீரோரமாக நடந்தால் உங்கள் வீச்சு ஒரு பக்கம் ஈரத்திலும் மறுபக்கம் காய்ந்ததிலும் போய்வரும், கருவி குழம்பும். அந்த இடத்தில் மட்டும் கடலை நோக்கி நேராக நடந்து திரும்புங்கள், அப்போது வீச்சு முழுவதும் ஒரே அளவு ஈரத்தில் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக உள்வாங்கும், மற்ற நாட்களில் தண்ணீருக்குள் கிடக்கிற மணல் அப்போது கால்நடையாகக் கிடைக்கும். தங்கம் மணலைவிட ஏழு மடங்கு கனம், அலை அலசலில் கீழே கீழே போய் ஏதாவது கெட்டியான தளத்தில்தான் நிற்கும். புயலுக்குப் பிறகு மணல் அரித்துப் போன இடத்தில் கூழாங்கல்லும் தூண்டில் ஈயக்குண்டுகளும் சேர்ந்து கிடந்தால் அங்கே நிதானமாகத் தேடுங்கள், கனமானவை எல்லாம் ஒரே இடத்தில்தான் ஒதுங்கும்.

இனி என் தொழில் புலம்பல். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வேகமாகப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். காயிலின் அடி மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு கைப்பிடி உப்பு மணல் இருக்கும், அதுவே கத்தலுக்குப் பாதிக் காரணம். சார்ஜ் போடும் முனைகளை நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகே சார்ஜரை ஒட்டுங்கள், உப்பு ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் அந்த முனைகள் அரித்தே போய்விடும். வெயிலில் சுடச்சுடக் கிடந்த கருவியை உடனே தண்ணீரில் முக்காதீர்கள், உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சும். பேட்டரி மூடி உள்ள கருவியைக் கரையில் வைத்துத் திறக்கவே கூடாது. என் சொந்தக் கருவி ஒன்று அப்படித்தான் செத்தது. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது, மூடும்போது கவனிக்கவில்லை. அடுத்தவர் கருவிகளுக்கு இதே அறிவுரையைச் சீட்டில் எழுதி ஒட்டுகிறவன் நான்.

பழைய கருவி வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். உப்பில் புழங்கியதை வாங்குவதானால் பேட்டரி அறையையும் சார்ஜ் முனைகளையும் பாருங்கள், பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வேண்டாம். ஓட விட்டுக் காயிலை விரலால் தட்டுங்கள், தட்டினாலே கத்தினால் உள்ளே கம்பி தளர்ந்திருக்கிறது. பிரபலமான மாடல்களுக்குப் போலிகளும் உண்டு, சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபாருங்கள்.

தேட அனுமதி உண்டா என்று உங்கள் இடத்துச் சட்டத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தோண்டிய குழியை மூடுங்கள், காலை நடைக்கு வருகிறவர்கள் உங்கள் ஆட்கள்தானே. வெடிகுண்டு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் தள்ளி வந்து அதிகாரிகளிடம் சொல்லுங்கள்.

கருவி கைக்கு வந்ததும் உடனே வேட்டைக்குப் போக வேண்டாம். ஒரு பழைய மோதிரத்தை எடுத்து, ஈர மணலில் நான்கு விரல் ஆழம், ஒரு சாண் ஆழம் என்று புதைத்துப் புதைத்து அதன் ஒலியைக் காதுக்குப் பழக்குங்கள். மோதிரத்தில் ஒரு நீளமான நூலைக் கட்டி, மறுமுனையை மணலுக்கு மேலே ஒரு குச்சியில் கட்டிவிட்டுப் புதையுங்கள். நான் முதல் தடவை நூல் கட்டவில்லை, கருவி இருக்கும்போது நூல் எதற்கு என்று நினைத்தேன். மோதிரம் வீட்டம்மாவுடையது. அன்று மாலை வரை தேடினேன்.